ஸூரியை விற்றவன்

டேனியல் டீஃபோ எழுதிய நாவலின் நாயகன் ராபின்சன் குரூசோவை வைத்து ஒரு தன்னம்பிக்கைப் பதிவு அவ்வப்போது கண்ணில் படுகிறது. வெறுங்கையோடு தனித் தீவில் ஒதுங்கினான், மனம் தளரவில்லை, 28 ஆண்டுகள் தாக்குப்பிடித்து ஊர் திரும்பினான், நீங்களும் முயன்றால் முடியும் என்கிற ரகம். எனக்கு இதில் இரண்டு சண்டைகள் இருக்கின்றன.

முதலாவது சின்னது. அவன் வெறுங்கையோடு ஒதுங்கவில்லை. கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே தட்டி நிற்கிறது. தெப்பம் கட்டிப் பத்துப் பன்னிரண்டு நடை போய்வருகிறான். துப்பாக்கி, வெடிமருந்து, தச்சுக் கருவிப் பெட்டி, ரொட்டி, ரம், பாய்த்துணி, பைபிள் எல்லாம் கரை சேர்கின்றன. இரண்டு பூனைகளையும் தூக்கி வருகிறான், நாய் தானே நீந்தி வந்துவிடுகிறது. பிறகுதான் நாம் மெச்சுகிற அந்தத் 'தனி மனித உழைப்பு' தொடங்குகிறது.

இரண்டாவதுதான் முக்கியம். அவன் எதற்காக அந்தக் கப்பலில் ஏறினான் என்று இந்தப் பதிவுகளில் ஒருவரும் சொல்வதில்லை. சிறுவயதில் என் கைக்கு வந்த சுருக்கப் பதிப்பிலும் அது இல்லை. புயலில் ஆரம்பித்து, தீவு, காலடித் தடம், குரூசோ காப்பாற்றி வேலையாளாக வைத்துக்கொள்ளும் ஃப்ரைடே என்று ஓடி, ஊர் திரும்புவதோடு முடிந்துவிட்டது. முழு நாவலையும் பின்னாளில் படித்தபோதுதான் ஸூரி என்ற ஒரு பையன் அதில் இருப்பதே தெரிந்தது. ஸூரியைத் தெரியாமல் இந்த நாவலைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் கட்சி.

தீவுக்குப் பல ஆண்டுகள் முன்பு, மொராக்கோ கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு சலே துறைமுகத்தில் அடிமையாக இருக்கிறான் குரூசோ. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஜமானின் மீன்பிடிப் படகில் தப்பிக்கிறான். கூட வருகிறவன் ஸூரி. எனக்கு உண்மையாக இருந்தால் உன்னைப் பெரிய மனிதனாக்குகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறான். ஆப்பிரிக்கக் கரையில் தண்ணீர் எடுக்க இறங்கவேண்டிய இடத்தில், நானே போகிறேன், காட்டு மனிதர்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீங்கள் தப்பிப் போங்கள் என்கிறான் அந்தப் பையன். அன்றிலிருந்து அவன்மேல் எனக்கு அன்பு உண்டாயிற்று என்று குரூசோவே எழுதுகிறான்.

அடுத்த சில பக்கங்களில் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் இவர்களை ஏற்றிக்கொள்கிறது. கப்பல் தலைவன் நல்லவன். படகுக்கு 80 ஸ்பானிய வெள்ளி நாணயம் தருகிறான். சிங்கத்தோலுக்கு 40 டக்கட் நாணயம், சிறுத்தைத் தோலுக்கு 20. ஸூரிக்கு 60 வெள்ளி. படகைவிட இருபது குறைவு. குரூசோ கொஞ்சம் தயங்குகிறான். என் விடுதலைக்கு உதவியவனின் விடுதலையை விற்பதா என்று. பையன் கிறிஸ்தவனானால் பத்து ஆண்டில் விட்டுவிடுகிறேன் என்கிறான் தலைவன். பையனும் சம்மதிக்கிறான். அவ்வளவுதான், விலைபேசி முடிந்தது. பிறகு பிரேசிலில் தோட்டம் போட்டு, வேலைக்கு ஆள் போதாமல் திணறும்போது குரூசோவுக்கு ஸூரி ஞாபகம் வருகிறது. அவனைக் கொடுத்தது தப்பு என்று தோன்றுகிறது, வேலைக்கு ஒரு கை குறைந்துவிட்டதே என்பதற்காக.

தானே அடிமையாக இருந்தவன் அடுத்துச் செய்வது என்ன? தோட்டக்காரர்கள் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரையிலிருந்து திருட்டுத்தனமாக அடிமைகளைக் கொண்டுவர ஒரு கப்பலைத் தயார் செய்கிறார்கள். பாசிமணி, கண்ணாடித் துண்டு, கத்தரிக்கோல், கோடரி என்று சரக்கு ஏற்றுகிறார்கள். சரக்குப் பொறுப்பாளன் குரூசோ. முதல் போடாமலே சமபங்கு. 1659 செப்டம்பர் 1 அன்று புறப்பட்ட அந்தக் கப்பல்தான் அதே மாதம் 30ஆம் தேதி உடைகிறது. தன்னம்பிக்கைப் பதிவுகள் ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

தீவில் அவன் மாய்ந்து மாய்ந்து வருந்துகிறானே என்று கேட்கலாம். வருந்துகிறான்தான், அப்பா பேச்சைக் கேட்காததற்காக. நடுத்தர வாழ்க்கையே சுகம் என்று யார்க் நகரத்து அப்பா சொன்ன நீண்ட புத்திமதியை மீறியதுதான் அவன் கணக்கில் ஆதிபாவம். அடிமை வாங்கப் போனதைப் பற்றியும் ஓரிடத்தில் நொந்துகொள்கிறான். எப்படியென்றால், கொஞ்சம் பொறுத்திருந்தால், ஆள் பிடித்து வருவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் வீட்டு வாசலிலேயே வாங்கியிருக்கலாமே, நான் ஏன் அலைந்தேன் என்று! இந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் அவனை நாயகனாகப் பார்க்க முடியவில்லை.

சரி, அப்படியானால் இது காலனியப் புத்தகம், தூக்கி எறி என்கிறார்கள் இன்னொரு பக்கத்தார். பிரிட்டிஷ் குடியேற்றக்காரனின் அசல் மாதிரி குரூசோதான் என்று ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1912இலேயே இத்தாலிய மொழியில் ஓர் உரையில் சொல்லிவிட்டார். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் மேலே நான் சொன்ன அத்தனை குற்றச்சாட்டுக்கும் சாட்சி எங்கிருந்து வந்தது? அந்தப் புத்தகத்திலிருந்தேதான். படகு 80, பையன் 60 என்று அடுத்தடுத்து எழுதி வைத்தவர் டேனியல் டீஃபோ. 1719 ஏப்ரலில் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டி. வியாபாரம் செய்து 1692இல் திவாலானவர். ஒரு கிண்டல் பிரசுரத்துக்காக 1703இல் மூன்று நாள் தெருவில் கட்டையில் பூட்டி நிறுத்தப்பட்டவர். எந்தப் பொருளுக்கு எந்தச் சந்தையில் என்ன விலை என்பது அவர் விரல் நுனியில் இருந்தது. கண்டித்து எழுதினாரா, இயல்பு என்று எழுதினாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கருத்து, அவர் கண்டிக்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. பின்னால் வந்த சுருக்கங்கள்தான் மறைத்தன.

உழைப்பை எழுதுவதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு பலகைக்கு 42 நாள். ஒரு மரத்துக்கு ஒரு பலகைதான் தேறும், மரத்தைப் பலகையாக அறுக்க ஆளும் வசதியும் இல்லாததால் இரண்டு பக்கமும் செதுக்கித் தள்ளவேண்டும். இரண்டு அசிங்கமான மண்ஜாடிகளுக்கு இரண்டு மாதம். பெரிய செடார் மரத்தை மாதக்கணக்கில் குடைந்து படகு செய்கிறான். கடல் நூறு கஜம்தான். ஆனால் நகர்த்த முடியவில்லை. கடைசிவரை அது அங்கேயே கிடக்கிறது. இதைச் சாகசம் என்று யார் சொன்னார்கள்? நாவலின் பெரும்பகுதி ஒரு மனிதன் தச்சு வேலை பழகுவதுதான், அதுதான் அதன் அழகும்.

இன்னொரு இடம். சிறிய படகில் தீவைச் சுற்றப்போய், நீரோட்டத்தில் சிக்கி, செத்துப் பிழைத்துத் திரும்பித் தூங்கிக்கொண்டிருக்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பாவம் ராபின் குரூசோ, எங்கே இருக்கிறாய், எங்கே போயிருந்தாய் என்று. பதறி எழுந்து பார்த்தால் அவன் வளர்த்த கிளி. அவன் தனக்குத்தானே புலம்பியதை அது பாடம் படித்துத் திருப்பிச் சொல்கிறது. இவ்வளவு தனிமையில் இருப்பவன், பதினைந்தாம் ஆண்டில் மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைப் பார்த்ததும் ஒரு மனித முகத்தைப் பார்க்கலாமே என்று ஓடியிருக்கவேண்டும். அவனோ கோட்டைக்குள் ஓடி ஒளிகிறான், இரவெல்லாம் தூங்கவில்லை. வருஷக்கணக்கில் வேலிமேல் வேலி போடுகிறான். உடைமை சேர்ந்தவனுக்கு மனித வாசனையே பயமாகிவிடுகிறது. டீஃபோவை நான் மேதை என்று ஒப்புக்கொள்வது இங்கே.

ஃப்ரைடேயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காப்பாற்றிய அன்றைக்கு என்ன கிழமையோ அதையே பெயராக வைக்கிறான். உன் பெயர் என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தன்னை 'எஜமான்' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்கிறான், அதுதான் தன் பெயர் என்று. இதெல்லாம் தெரிந்தது. எனக்குப் பிடித்தது வேறு. குரூசோ அவனுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் கடவுள் சாத்தானைவிட பலசாலி என்றால் ஏன் அவனைக் கொன்றுபோடவில்லை என்கிறான் ஃப்ரைடே. குரூசோ காது கேட்காததுபோல் நடிக்கிறான்! திரும்பவும் அதே கேள்வி. கடைசிக் காலத்தில் தண்டிப்பார் என்று மழுப்புகிறான். இப்போதே ஏன் கூடாது, முன்னாலேயே ஏன் செய்யவில்லை என்கிறான். பதில் இல்லாமல், தூரத்தில் இருக்கும் எதையோ எடுத்துவா என்று அவனை அனுப்பிவிடுகிறான் குரூசோ. முழு நாவலிலும் எஜமான் வாயடைத்து நிற்கும் காட்சி இது. அதை எழுதியவரை வெறும் காலனியப் பிரசாரகர் என்று எப்படி ஒதுக்குவது?

ஃப்ரைடேயின் அப்பாவும் ஒரு ஸ்பானியரும் வந்து சேர்ந்ததும் குரூசோ தன்னை அரசன் என்றே எண்ண ஆரம்பிக்கிறான். மூன்று குடிமக்கள், மூன்று மதம், எல்லோருக்கும் மதச் சுதந்திரம். மற்ற ஸ்பானியர்களையும் அழைத்துவரச் சொல்லும்போது, என் ஆணைக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கிவா என்கிறான். பேனாவும் மையும் இல்லாமல் எப்படி எழுதுவார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை என்று அவனே சேர்த்துக்கொள்கிறான். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

பெண்கள் பற்றி நாவலுக்கு அக்கறையே கிடையாது. கல்யாணம், மூன்று குழந்தைகள், மனைவியின் மரணம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. கப்பலில் கிடைத்த 36 பவுண்டு பணத்துக்கு அதைவிட அதிக இடம். பணமே, உன்னால் என்ன பயன், இந்தக் குவியலைவிட ஒரு கத்தி மேல் என்று வசனம் பேசிவிட்டு, யோசித்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்கிறான். 1686 டிசம்பரில் தீவை விட்டுப் புறப்படும்போது, துருப்பிடித்த அந்தக் காசையும் மறக்கவில்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு: ஆங்கில மூலம் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டீஃபோ அத்தியாயம் பிரிக்காமல் எழுதியதால் முதல் ஐம்பது அறுபது பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கும், தாண்டிவிடாதீர்கள், ஸூரி அங்கேதான் இருக்கிறான். கடைசியில் பிரனீஸ் மலையில் ஓநாய்கள் துரத்தும் பகுதி தேவையில்லாத ஒட்டு, வேகமாகப் புரட்டலாம். ஆனால் அங்கே ஃப்ரைடே ஒரு கரடியை மரத்தில் ஏற்றி ஆடவைத்துக் காதில் சுடுவான். எங்கள் ஊரில் கரடியை இப்படித்தான் கொல்வோம் என்பான். உங்கள் ஊரில்தான் துப்பாக்கியே இல்லையே என்று குரூசோ மடக்கினால், நீள நீளமான அம்பு இருக்கிறதே என்பான். அந்தத் தீவு இருக்கும் தென் அமெரிக்காவின் ஓரினோகோ நதி முகத்துவாரத்தில் கரடி ஏது என்று மட்டும் கேட்காதீர்கள்.