டைல்ஸ் கடைக்குப் போனால் செருப்பைக் கழற்றுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தரையில் விரித்து வைத்திருந்த சாம்பிள் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றேன். அப்புறம் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து காலடியில் கொஞ்சம் ஊற்றி, பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தேன். கடைத் தம்பி ஓடி வந்தான்.

"யக்கா, என்ன பண்ணுதீய?"

"எங்க வீட்ல தண்ணி சிந்தும் தம்பி. அதான் பாக்கேன்."

எங்க வீட்டுக்காரர் தனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல வாஷ்பேசின் விலை விசாரிக்கப் போய்விட்டார்.

மாடியில் இரண்டு அறையும் கீழே வாசலில் ஒரு சின்னத் திண்ணையும் எடுக்கிறோம். இந்தத் தடவை தரை என் பொறுப்பு என்று காங்கிரீட் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன். போன தடவை பட்ட பாடு அப்படி.

2017-ல் கீழ்வீடு கட்டியபோது தரையைக் கண்ணால்தான் வாங்கினோம். பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை, 2-க்கு 2 அடி, முகம் தெரியும் பளபளப்பு. கடையில் கூரை முழுக்க விளக்கு. அந்த வெளிச்சத்தில் எந்தத் தரையும் அழகிதான். பால் காய்ச்சுக்கு வந்தவர்கள் எல்லாம் "கண்ணாடி மாதிரில்லா இருக்கு" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

குடி வந்த எட்டாவது மாதம் அத்தை விழுந்தார்கள். குளியலறையில் இல்லை. அங்கே சொரசொரப்பு டைல்ஸ்தான் போட்டிருந்தோம். குளித்துவிட்டு ஈரக்காலோடு வெளியே வந்து, பளபளக்கிற ஹாலில் வைத்த முதல் அடியில் விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் வாக்கர். இதை யாருமே யோசிப்பதில்லை. குளியலறைக்குள் சொரசொரப்பு, வாசலைத் தாண்டியதும் கண்ணாடி. நனைந்த கால் குளியலறைக்குள்ளேயே காய்ந்துவிடுமா என்ன? வீட்டில் வயசானவர்களோ கர்ப்பிணியோ தவழ்கிற பிள்ளையோ இருந்தால், குளியலறை வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் உள்ள வழி முழுக்க மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பு இல்லாத டைல்ஸ் போடுங்கள். "மேட் போட்டா அழுக்கு பிடிக்கும்" என்று கடையில் சொல்வார்கள். சொரசொரப்பு ரொம்ப அதிகமாக இருந்தால் பிடிக்கும்தான். அதுக்குத்தான் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்கிறேன். பாதத்துக்குத் தெரியும் எது போதும், எது அதிகம் என்று.

இரண்டாவது கதை 2021 மே மாதம். அக்னி வெயில், மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிறோம். ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம். கேஸ் சிலிண்டரோ என்று அலறியடித்து ஓடினால், நடு ஹாலில் டைல்ஸ் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. தூக்கிப் பார்த்தால் அடியில் கலவை ஒட்டவே இல்லை. டைல்ஸின் முதுகு புதுசு மாதிரி சுத்தமாக இருக்கிறது.

வேலை எடுத்துச் செய்தவரைக் கூப்பிட்டால் "வெயில் அப்படி அடிக்கில்லா, நாங்க என்ன செய்ய?" என்றார். வெயில் அடிக்கத்தான் செய்யும். திருநெல்வேலியில் வீடு கட்டிவிட்டு வெயிலைக் குற்றம் சொன்னால் எப்படி? வேறொரு கொத்தனார், வயசான அண்ணாச்சி, வந்து பார்த்துவிட்டுக் கையில் இருந்த ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டக் டக்'. சில இடத்தில் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். "இதெல்லாம் என்னைக்குனாலும் எந்திரிக்கும் தாயி" என்று சாக்பீஸால் வட்டம் போட்டார்.

அவர் விளக்கியதுதான் இந்தப் பதிவிலேயே உருப்படியான விஷயம். நாங்கள் போட்டிருந்த விட்ரிஃபைட் டைல்ஸ் என்பது களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து, அழுத்தி, 1200 டிகிரி சூட்டை ஒட்டிச் சுட்டு எடுப்பது. அரைச் சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் கறை பிடிப்பதில்லை, அதனால்தான் எல்லாரும் வாங்குகிறோம். அதே குணம்தான் அதுக்கு எதிரியும். பழைய செராமிக் ஓடு சிமெண்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இது உறிஞ்சாதே, வெறும் சிமெண்ட் எப்படிப் பிடிக்கும்? அதுக்கென்று உள்ள பசைக் கலவையைப் பல்லு வைத்த கரண்டியால் அடி முழுக்கத் தடவி ஒட்டணும். எங்கள் வீட்டில் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சிமெண்ட் வைத்து அழுத்தியிருந்தார்கள். போதாக்குறைக்கு, இடைவெளி தெரிந்தால் அசிங்கம் என்று நாங்களே நெருக்கிப் போடச் சொல்லியிருந்தோம். வெயிலில் டைல்ஸ் இம்மியளவு விரியும். விரிய இடம் இல்லையென்றால் மேலேதான் வரும். நடுவில் இடைவெளி விடச் சொருகுகிற 2 மில்லிமீட்டர் ஸ்பேசர், சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டுகிற பட்டைக்கு) அடியில் கொஞ்சம் இடம். இவ்வளவுதான் விஷயம். இதுக்கு நாங்கள் கட்டிய அபராதம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

மாற்றிப் போட டைல்ஸ் தேடினால் அதே பெயர் இருக்கிறது, அதே ஷேடு நம்பர் இல்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த நம்பரை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், இரண்டு பெட்டி கூட வாங்கிப் பரணில் போடுங்கள். நாங்கள் மீந்ததைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்ட புத்திசாலிகள். இன்றைக்கும் எங்கள் ஹால் நடுவில் ஒன்பது டைல்ஸ் மட்டும் வேற வெள்ளை.

சரி, அப்போ மார்பிள் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மைனி வீட்டில் மார்பிள்தான். ராஜஸ்தானிலிருந்து லாரியில் வந்தது. புது வீட்டில் முதல் ஆடி அமாவாசை, சமையலறையில் புளித்தண்ணிச் சட்டியை இறக்கி வைத்தார்கள். சட்டியின் அடி ஈரம், வட்டமாக ஒரு தடம். துடைத்தால் போகவில்லை. தேய்த்தால் போகவில்லை. மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். அது கறை இல்லை, காயம். புளி இல்லாமல் நமக்கு ஒரு நாள் சமையல் உண்டா? பூஜை அறையோடு மார்பிளை நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்டா கல்லும் கடப்பைக் கல்லும் இதே சுண்ணாம்புச் சாதிதான். ஆனால் அதில் யாரும் முகம் பார்ப்பதில்லை, அதனால் தடம் விழுந்தாலும் மனசு நோவதில்லை. பின்கட்டுக்கும் படிக்கும் கோட்டா போட்டால் பல வருஷம் கேள்வியே இல்லை. கிரானைட் உழைக்கும், புளிக்கும் அசையாது, ஆனால் பாலீஷ் போட்ட கிரானைட்டில் தண்ணீர் நின்றால் கண்ணுக்கே தெரியாது. படிக்கட்டுக்கு வாங்கினால் லெதர் ஃபினிஷ் (தோல் மாதிரி லேசான சொரசொரப்பு) கேளுங்கள்.

மரத்தரை, மரம் மாதிரித் தரை எல்லாம் நம்ம ஊருக்குச் சரிவராது என்பது என் கட்சி. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. மீனாட்சிபுரத்தில் சித்தப்பா வீட்டில் இடுப்பளவு தாமிரபரணி. முன்னறையில் அவர் மகன் ஆசையாகப் போட்ட லேமினேட் தரை, தண்ணீர் வடிந்த பிறகு அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. உள்ளறையில் சித்தப்பா கல்யாணத்துக்குப் போட்ட மொசைக். சேற்றை வழித்துவிட்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் பழைய மொசைக் பழையபடி சிரித்தது. மொசைக்கை நாம் அநியாயத்துக்கு ஒதுக்கிவிட்டோம். மங்கினால் மெஷின் வைத்து மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். இந்த வசதி டைல்ஸுக்கு உண்டா?

இப்போது எல்லாரும் ஏங்குகிற ரெட் ஆக்சைடு, சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து தேய்க்கிற தரை. சேரன்மகாதேவி பக்கம் எங்க ஆச்சி வீட்டில் பட்டாசாலை முழுக்க சிவப்புத் தரை, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. மே மாத லீவில் மத்தியானம் சாப்பிட்டதும் பத்தமடைப் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்போம். படுத்த இடம் சூடானதும் ஒரு உருண்டு உருண்டால் அடுத்த இடம் குளிர்ந்து கிடக்கும். தூங்கி எழும்போது சுவரோரம் போயிருப்போம். ஆச்சி வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பாள். அந்த மினுமினுப்பு எந்த டைல்ஸிலும் வராது.

ஆனால் ஞாபகத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அந்தக் குளிர்ச்சியில் பாதி சிவப்புக்கு இல்லை, அடியில் இருந்த மண்ணுக்கும் மேலே இருந்த ஓட்டுக்கூரைக்கும் உரியது. மாடி அறையில் ரெட் ஆக்சைடு போட்டாலும், கூரைச் சூடு இறங்கினால் தரை கொதிக்கத்தான் செய்யும். மாடிக்குக் குளிர்ச்சி வேணும் என்றால் அந்தக் காசை மொட்டை மாடியில் போடுங்கள்: அந்தக் காலத்தில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தார்களே, அந்த மாதிரி. இல்லையென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ். அப்புறம், ஆச்சி வீட்டுத் தரையில் நடையிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடும். அதில் எறும்பு வரிசை போகும். ஒட்டுப்போட்ட இடம் கடைசி வரை வேற சிவப்பாகவே இருந்தது. (எங்கள் ஹாலின் ஒன்பது டைல்ஸ் மாதிரி. எங்கள் குடும்பத்துக்கு ராசி போல.) அடித்தளம் நன்றாக இறுகியிருக்கணும், ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்கணும், கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்கிற பொறுமை வேணும், அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்தணும். பொருள் விலை குறைவுதான். தெரிந்த கைதான் இப்போது கிடைப்பதில்லை.

ஆத்தங்குடிக் கல்லும் அழகுதான். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்ப்பது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. நடக்க நடக்க மெருகேறும். ஆனால் சிமெண்ட் கல், கழிப்பறை கழுவுகிற ஆசிட் பட்டால் தொலைந்தது. வாரம் தவறாமல் துடைக்க ஆள் இருந்தால் வாங்குங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபமே. தரை வாங்கப் போகும்போது வீட்டில் துடைக்கிற ஆளை யாராவது கூட்டிப் போகிறீர்களா? எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வருகிற அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன், உனக்கு எந்தத் தரை பிடிக்கும் என்று. யோசிக்கவே இல்லை. "வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். வெள்ளையில முடி தெரியும், கறுப்புல கால்தடம் தெரியும். மணல் கலர் போடுங்க, எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்றார். பதினைந்து வருஷம் எத்தனையோ வீட்டுத் தரையைக் குனிந்து பார்த்தவர். கடைக்காரர் நிமிர்ந்து நின்று விற்கிறவர். நான் யாரை நம்ப?

ஆக, மாடி இரண்டு அறைக்கும் மணல் நிறத்தில் மேட் விட்ரிஃபைட், அதே 2-க்கு 2. 4-க்கு 2 அடி இப்போது ஃபேஷன் என்றார்கள். ஒரு டைல்ஸ் உடைந்தால் 8 சதுர அடியைப் பெயர்க்கணும், தரை மட்டம் கொஞ்சம் பிசகினாலும் விளிம்பு தட்டும். வேண்டாம் என்றுவிட்டேன். பசை போட்டு, ஸ்பேசர் வைத்து, நாணயத்தால் தட்டிப் பார்த்துத்தான் கூலி. அந்த அண்ணாச்சியே வருகிறார். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன்னாலேயே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை, "எனக்கு மாடி ஏற முடியாது, நீங்க என்னமும் போடுங்க. கீழே என் ரூம் வாசல்ல மட்டும் அந்தக் கண்ணாடியப் பேத்துருங்க" என்கிறார்கள். பெயர்த்துவிடுகிறோம்.

மீதி இருப்பது வாசல் திண்ணை. 12 அடிக்கு 4 அடி. அதில் மட்டும் சிவப்புத் தரை, கறுப்புக் கரையோடு. அண்ணாச்சிக்கு அந்த வேலை கை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், களக்காடு, எந்தப் பக்கமானாலும் சரி, ரெட் ஆக்சைடு தேய்க்கத் தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தை மாதத்துக்குள் முடிக்கணும்.