கோழி ஊசியால் மனிதரின் மரபணு மாறுமா?

"இப்ப கோழிக்குப் போடுறது டி.என்.ஏ ஊசி. அந்த முட்டையைத் திண்டால் பிள்ளையளின்ர மரபணு மாறும்." கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வைபர் குழுக்களில் இப்படியொரு குரல்பதிவு சுற்றுகிறது. பொய்.

ராணிக்கெட் எனும் கோழி நோய்க்குக் கண்ணில் துளியாக விடும் மருந்து டி.என்.ஏ தடுப்பூசியே அல்ல. லசோட்டா வகை போன்ற, வீரியம் குறைந்த உயிருள்ள ராணிக்கெட் வைரசு அது. ராணிக்கெட் வைரசின் மரபுப்பொருளோ ஆர்.என்.ஏ.

உண்மையான டி.என்.ஏ தடுப்பூசி வேறு. பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ வளையத்தில் வைரசின் ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் வைத்து ஏற்றுவார்கள். கோழியின் கலங்களே அந்தப் புரதத்தைச் செய்யும். உடல் அதைப் பார்த்து எதிர்ப்பைப் பழகிக்கொள்ளும். முழு வைரசு இல்லாததால் ஊசியால் நோய் வராது. பறவைக் காய்ச்சலுக்கு எதிரான இத்தகைய ஒன்றுக்கு அமெரிக்கா 2017 இல் நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது.

சரி, தின்றால்? ஊசியே காணாத ஊர்க்கோழிக் குழம்பிலும் கோழியின் டி.என்.ஏ நிறைய இருக்கிறது. பரம்பரையாகத் தின்கிறோம், எவருக்கும் கொண்டை முளைக்கவில்லை. சோற்றில் உள்ள நெல்லின் டி.என்.ஏயைப் போலவே குடல் அதையும் உடைத்துவிடும்.

பதிவில் ஒரு சொட்டு உண்மை உண்டு. எண்ணெய் கலந்த, வைரசைச் செயலிழக்கச் செய்து தயாரித்த சில தடுப்பூசிகளைப் போட்டால், இறைச்சிக்கு அறுக்கச் சில வாரம் பொறுக்க வேண்டும். நாள்கணக்கு போத்தல் லேபலில் இருக்கும். கண்துளி விட்டபின் கோழி சில நாள் தும்மலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. குடிநீரில் கலக்கும் மருந்தென்றால் குளோரின் போட்ட தண்ணீர் வேண்டாம்: உயிருள்ள வைரசு செத்துவிடும்.