ஒரு நாள் வட்டி

2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை. போர்வெல் தண்ணியை நம்பிக் குறுவை நெல் போட, அம்மாவின் நாலு பவுன் சங்கிலியைப் பேங்கில் வைத்தேன். 2025 ஜூனில் கெடு வந்தது. முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அன்றைக்கே திருப்பி வைத்துவிடலாம். அந்த வருஷம் அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி மீட்டால்தான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். அசல் கையில் இருந்தால் நான் ஏன் நகையை வைக்கிறேன்?

நீடாமங்கலம் கடைத்தெருவில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். ஒன்றரை லட்சம் தந்தார், ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கட்டினேன். மதிப்பீட்டாளர் சங்கிலியைக் கல்லில் உரசி, எடை போட்டு, மறுபடி அதே பையில் போட்டுக் கட்டினார். பணம் கைக்கு வந்ததும் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்றவரிடம் எண்ணிக் கொடுத்தேன். ஆயிரத்து ஐந்நூறு போச்சு. சங்கிலி அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

"கடன் ஒழுங்கு சார், என்ன செய்ய" என்றார் மேனேஜர். நல்ல மனுஷர். அவர் மேல் கோபமில்லை, கடன் ஒழுங்கு என்ற அந்த வார்த்தை மேல்தான். வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டும் பழக்கத்துக்கு வங்கிக்காரர்கள் வைத்த பேர் அது.

2017 மார்ச்சில் ஸ்டேட் வங்கியின் அன்றைய தலைவர் அருந்ததி பட்டாச்சார்யாவும் இதையேதான் சொன்னார்: விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் ஒழுங்கு கெடும். சரி. அதே வருஷம் அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த 2.11 லட்சம் கோடித் திட்டம் அறிவித்தது மத்திய அரசு. வங்கிகள் ஏன் விழுந்தன? எங்கள் ஊர் பயிர்க்கடனாலா? மின்சாரம், இரும்பு, சாலை என்று பெரிய கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுத்தது திரும்பாததால்.

அதில் 1.35 லட்சம் கோடி அரசுக் கடன் பத்திரங்கள் வழியாக. விஷயம் இதுதான்: நம் டெபாசிட் பணத்தில் வங்கி அரசுப் பத்திரத்தை வாங்கும். அந்தப் பணத்தையே அரசு திரும்ப வங்கிக்குள் மூலதனமாகப் போடும். ஒரு மா நிலத்துக்கான தண்ணியைச் சுற்றிவிட்டு இரண்டு மா பாய்ந்ததாகக் கணக்கு எழுதுகிற மாதிரி. ஆனால் பத்திரத்துக்கு வருஷா வருஷம் வட்டி பட்ஜெட்டிலிருந்து போகும். நான் டிராக்டருக்கு ஊற்றும் டீசல் வரியும் அதில் சேர்த்திதான்.

2014-15இலிருந்து ஒன்பது வருஷத்தில் வங்கிகள் 14.56 லட்சம் கோடியைக் கணக்கிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கு மேல் பெருந்தொழில், பெரிய சேவை நிறுவனங்களுடையது. "நீக்குவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்" என்பார்கள். உண்மைதான். தொடர்ந்து வசூலானது 2.04 லட்சம் கோடி.

2016 மார்ச் நினைவிருக்கிறதா? 2ஆம் தேதி விஜய் மல்லையா 9,000 கோடி பாக்கியோடு விமானம் ஏறினார். அடுத்த இரண்டாம் நாள் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியை வயலிலேயே போலீஸ் அடித்து இழுத்தது. வீடியோவை எல்லோரும்தான் பார்த்தோம்.

வங்கியை மூழ்கவிடச் சொல்லவில்லை. 2020 நவம்பரில் தனியார் வங்கியான லட்சுமி விலாஸில் 25,000க்கு மேல் எடுக்க முடியாது என்றதும் இங்கே எத்தனை கல்யாண வீடு பதறியது! டெபாசிட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அங்கே பங்குதாரர் பணம் பூஜ்யமானது. பொதுத்துறையில் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட பெரிய இடங்களில் யாருக்கு என்ன போனது? (கூட்டுறவுச் சங்கக் கடன் தள்ளுபடியிலும் பினாமி பேரில் அனுபவித்த பெரிய மிராசு எங்கள் பக்கம் உண்டு, அதையும் மறைக்கவில்லை.)

அடிபட்ட வங்கி அடுத்து சின்னவனிடம்தான் கறாராகிறது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 2019-20இலிருந்து ஐந்து வருஷத்தில் பொதுத்துறை வங்கிகள் பிடித்தது 8,495 கோடி. அம்மா பாஸ்புக்கிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது, நூற்றுச் சொச்சம். முதியோர் பென்ஷன் ஏறிய மறுநாள் தேதி போட்டு.