அக்டோபர் ஜோசியமும் என் வீட்டு டிரைவ்வேயும்

வந்துடுச்சு. பனி தள்ளுறவன் வாசக் கதவுல கவர் செருகிட்டுப் போயிருக்கான். "குளிர்காலம் முழுக்க உங்க டிரைவ்வே பனியைத் தள்ளித் தர்றோம். 425 டாலர். அக்டோபர் 15-க்குள்ள கட்டினா தள்ளுபடி." டிரைவ்வேன்னா ரோட்டுலேர்ந்து வீடு வரைக்கும் கார் வர்ற பாதை. அவன் வண்டி ஒரு தடவை வந்தாலும் நாப்பது தடவை வந்தாலும் காசு அதேதான். பனியே விழலைன்னாலும் அதேதான், திருப்பித் தர மாட்டான்.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல, ஈரி ஏரியோட கிழக்கு முனையில இருக்கிற ஊர் பஃபலோ. அதுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் நாங்க குடியிருக்கோம். இங்க ஒவ்வொரு அக்டோபரும் இது சூதாட்டம்தான். கட்டினா பனி வராது, கட்டலைன்னா கதவு திறக்க முடியாது.

சரி, விஞ்ஞானத்தைக் கேட்டு முடிவு பண்ணலாம்னு பார்த்தா, அமெரிக்க அரசு வானிலை மையம் வரப்போற மாசங்களுக்கான முன்னோட்டத்தை மாசத்துல மூணாவது வியாழக்கிழமைதான் வெளியிடும். 15-ம் தேதியே வியாழனா அமைஞ்சா ஒழிய, தள்ளுபடி முடிஞ்ச பிறகுதான் குளிர்கால மேப் வரும். இந்த ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு செய்யறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வந்த மேப்புலயாவது ஏதாவது இருக்கா? "உங்க பகுதியில இயல்பை விட வெப்பமா இருக்க 40 சதவீத வாய்ப்பு." கேக்க நல்லாத்தான் இருக்கும். விவரம் என்னன்னா, இயல்பை விட அதிகம், இயல்பு, இயல்பை விடக் குறைவுன்னு மூணு கட்டம். எதுவுமே தெரியாத நிலையில ஒவ்வொண்ணுக்கும் 33. அதுல ஒரு கட்டத்தைக் கொஞ்சம் ஏத்தி 40 ஆக்கியிருக்காங்க. மீதி 60 மத்த ரெண்டு கட்டத்துக்கும் போகுது. அதைவிடக் கொடுமை, சில வருஷம் நம்ம ஏரியாவை வெள்ளையா விட்டுட்டு "சம வாய்ப்பு"ன்னு எழுதியிருப்பாங்க. எது வேணும்னாலும் நடக்கலாம்னு சொல்றதுக்கு கலர் மேப் எதுக்குங்க? பொறக்கப்போற குழந்தைக்கு "ஆணல்ல பெண்"னு எழுதிக் கொடுத்த ஜோசியர் கதைதான். ஆண் பொறந்தா "ஆண், அல்ல பெண்". பெண் பொறந்தா "ஆணல்ல, பெண்". ஓலை தப்பாவே போகாது.

கணக்கு தப்புன்னு நான் சொல்லலை. கணக்கு சரியா வந்ததுதான் என் வயித்தெரிச்சலே.

2023 அக்டோபர்ல பசிபிக் கடல்ல பலமான எல் நினோ, அதாவது கடல் தண்ணி இயல்பை விடச் சூடாகிறது. அந்த மாதிரி வருஷத்துல வடக்கு மாநிலங்களுக்குக் குளிர் குறையும்னு மேப் முழுக்க ஆரஞ்சு கலர். வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் குதிச்சுட்டார். "அவனுக்கு எதுக்கு 425 டாலரை அள்ளிக் கொடுக்கணும்? இந்த வருஷம் ஷவலே போதும்." நானும் தலையாட்டினேன். சொன்னபடியே நடந்துச்சு. அலாஸ்காவும் ஹவாயும் போக அமெரிக்காவோட மீதி 48 மாநிலத்துக்கும் சேர்த்துப் பார்த்தா, பதிவு எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து அதுதான் வெப்பமான குளிர்காலம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்க புல்தரை பச்சையா இருந்துச்சு. அவர் வாசல்ல நின்னு டீ குடிச்சார், பெருமையா.

ஆனா அந்த மேப் ஒண்ணைச் சொல்லலை. குளிர் வராததால ஏரி உறையலை. ஏரி உறையாம திறந்து கிடந்தாத்தான் எங்களுக்கு ஆபத்தே. மேற்கேர்ந்து வர்ற உறைகாத்து, 240 மைல் நீளமான அந்த ஏரி மேல படுத்துக்கிட்டே வரும். தண்ணிக்கும் ஒண்ணரை கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற காத்துக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்துட்டா, ஏரி ஆவியை அள்ளி அள்ளிக் கொடுக்கும், காத்து அதைக் கரையில வந்து பனியாக் கொட்டும். இதுக்குப் பேர்தான் லேக் எஃபெக்ட். ஏரி உறைஞ்சுட்டா கடையை இழுத்து மூடின மாதிரி. அந்த வருஷம் ஜனவரி நடுவுலயும் கடை திறந்தேதான் இருந்துச்சு.

2024 ஜனவரி 13 ராத்திரி குளிர்காத்து வந்துச்சு. அவ்வளவுதான். இங்க உள்ள ஸ்டேடியத்துல ஞாயித்துக்கிழமை நடக்க வேண்டிய எங்க ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி பில்ஸோட பிளேஆஃப் (நாக்அவுட்) மேட்சைத் திங்கள்கிழமைக்குத் தள்ளி வச்சாங்க. சீட்டுல கிடந்த பனியை அள்ள ஆள் கூப்பிட்டாங்க, மணிக்கு 20 டாலர் கூலி. நான் என் வாசல்ல மூணு நாள் சும்மா அள்ளினேன். அங்க போய் அள்ளியிருந்தா காசாவது மிஞ்சியிருக்கும். பத்தடி அள்ளி முடிச்சுத் திரும்பினா, ரோட்டைத் தள்ளிக்கிட்டுப் போற பெரிய வண்டி வந்து டிரைவ்வே வாயில இடுப்பளவு கட்டியா அடைச்சுட்டுப் போகும். அது பஞ்சு மாதிரிப் பனி இல்லை, கருங்கல்லு. வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு. டீயை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

கடைசியில புள்ளிவிவரம் என்ன சொல்லும்? "முன்னோட்டம் சரியாக இருந்தது."

இயல்புங்கிறதே 1991-லேர்ந்து 2020 வரைக்கும் எடுத்த சராசரி. பஃபலோவுக்கு ஒரு சீசனுக்கு சுமார் 95 இன்ச் பனி. அது நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சொட்டுச் சொட்டா விழுந்தாலும் 95, மூணு நாள்ல 80-ம் மிச்சத்தை மெதுவாவும் கொட்டினாலும் 95. மேப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். 2022 நவம்பர்ல அந்த 80 இன்ச் நிஜமாவே எங்க ஊர்ல விழுந்துச்சு, நாலு நாளுக்குள்ள. வந்த முதல் வருஷம், கான்ட்ராக்ட் எடுக்கலை. தள்ளுறவனுக்கு ஃபோன் போட்டா, "லிஸ்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்"னு வச்சுட்டான். எரியிற வீட்டுல புடுங்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

இதுல இன்னொரு கூத்து, இந்தப் பனி பட்டை பட்டையா விழும். காத்து தென்மேற்குலேர்ந்து அடிச்சா நகரத்துக்கும் வடக்குப் பக்கத்துக்கும். கொஞ்சம் மேற்குப் பக்கம் திரும்பினா எங்க தலையில. 2014 நவம்பர்ல தெற்கே அஞ்சடிக்கு மேல, சில மைல் வடக்கே சில இன்ச்தான். என் ஆபீஸ் வடக்குப் பக்கம். மேனேஜர் ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "இங்க வெயில் அடிக்குதே"ம்பார். காருக்குள்ள உக்காந்து எனக்கு அழுகை வரும்.

நாலஞ்சு நாளுக்கு முன்னாடி சொல்ற முன்னறிவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன், அது வேற. 2022 டிசம்பர் புயலுக்கு "ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வர்றது"ன்னு இங்க உள்ள வானிலை அலுவலகம் முன்கூட்டியே சொல்லிடுச்சு. வண்டி ஓட்டத் தடை 23-ம் தேதி காலையில 9:30-க்குத்தான் வந்துச்சு, அதுக்குள்ள பாதி ஜனம் வேலைக்குக் கிளம்பியாச்சு. காருக்குள்ளயும் ரோட்டுலயும் வீட்டுலயுமா நாப்பதுக்கும் மேல செத்துப்போனாங்க. அதை நினைச்சா இந்த 425 டாலர் புலம்பல் எனக்கே கூச்சமா இருக்கு. ஆனாலும் புலம்புவேன்.

ஏன்னா செப்டம்பர்லயே டிவிக்காரன் ஆரம்பிச்சுடறான். "கொடூரக் குளிர்காலம் வருகிறது!" மேப்புல இருந்த "கொஞ்சம் சாயுது" அவன் வாய்க்கு வந்ததும் கொடூரமாயிடும். அப்புறம் குளிர்காலம் எப்படின்னு சொல்ல கம்பளிப்பூச்சியோட பழுப்புப் பட்டை அகலத்தை அளக்கிற கூட்டம். பிப்ரவரி 2-ம் தேதி பெருச்சாளிக்கு அண்ணன் மாதிரி ஒரு பிராணியை (கிரவுண்ட்ஹாக்) வெளிய இழுத்து, குளிர் இன்னும் நீளுமான்னு தெரிஞ்சுக்க நிழல் தெரியுதான்னு கேக்கிற கூட்டம். அந்தப் பிராணியாவது சதவீதம் சொல்றதில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட நேத்து கேட்டேன், ஏரி சீக்கிரம் உறைஞ்சா நமக்கு நிம்மதிதானேன்னு. சிரிச்சார். 1977 ஜனவரியில ஏரி ஏற்கனவே முழுசா உறைஞ்சிருந்துச்சாம், அது மேல வாரக்கணக்கா விழுந்த பனி தூள் தூளாக் கிடந்துச்சாம். சூறைக்காத்து அந்தத் தூளை வாரி ஊருக்குள்ள கொட்டுச்சாம். ஆக, கடை மூடினாலும் அடி, திறந்தாலும் அடி.

"நீங்க கான்ட்ராக்ட் எடுத்தாச்சா தாத்தா?"

"முப்பது வருஷமா எடுக்கறேன். மேப்பெல்லாம் பார்க்கிறதில்லை."

உள்ள வந்து செக் எழுதினேன். கையெழுத்துப் போடறப்ப காலண்டரைப் பார்த்தா 16-ம் தேதி.