பூம் லிஃப்ட் கூடையில் பெல்ட் வேண்டாமா? பரவும் தகவல் தவறு

நீண்ட இயந்திரக் கையின் நுனியிலுள்ள கூடையில் ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டிதான் பூம் லிஃப்ட். “பூம் லிஃப்ட் கூடையைச் சுற்றிக் கம்பி இருக்கிறது, பாதுகாப்பு பெல்ட் தேவையில்லை. மாட்டினால் வண்டி கவிழும்போது குதித்துத் தப்ப முடியாது. ஒருமுறை பயிற்சி அட்டை வாங்கினால் ஆயுள் முழுவதும் எல்லா லிஃப்டும் ஓட்டலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

பூம் லிஃப்டில் ஆபத்து கவிழ்வது மட்டுமல்ல. கீழே ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலும், நீண்ட கையின் நுனியிலுள்ள கூடை கவண்போல் உதறும். உள்ளே நிற்பவர் கம்பிக்கு மேலாகத் தூக்கி வீசப்படுவார். அதைத் தடுக்கத்தான் முழு உடல் பெல்ட்டும், கூடைக்குள் உள்ள கொக்கியில் மாட்டும் குட்டைக் கயிறும். பக்கத்துத் தூணில் மாட்டவே கூடாது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்துத் தப்பலாம் என்பவரிடம் என்ன சொல்வது!

கத்தரிபோல் மடிந்த கால்கள் விரிந்து மேடையை நேராக உயர்த்தும் சிசர் லிஃப்டில் பொதுவாகக் கைப்பிடிக் கம்பியே போதுமானதாகக் கருதப்படுகிறது. குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

இத்தகைய லிஃப்டுகளுக்கான சர்வதேச அமைப்பான ஐபாஃப் (IPAF) தரும் ‘பால் கார்டு’ (PAL Card) என்ற பயிற்சி அட்டை 5 ஆண்டுகளுக்கே செல்லும். அதிலும் வகை உண்டு: 3ஏ சிசர் போல நேராக உயர்பவற்றுக்கு, 3பி நகரும் பூம் லிஃப்டுக்கு.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதி 1926.453, ஐபாஃப் இணையதளம், இயந்திரத்திலேயே வைத்திருக்கும் கையேடு ஆகியவற்றில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைத் தெரிவியுங்கள்.