‘நம்ம ஊர்தானே’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டில் விருந்து. அந்த வீட்டுப் பெண் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டுச் சென்னைக்குப் படிக்கப் போகிறாள். காலையில் கோயிலில் அர்ச்சனை, மதியம் கூடாரம் போட்டு வாழையிலைச் சாப்பாடு. ஏறக்குறைய ஒரு சின்னக் கல்யாணம்தான். சாப்பிட்டுக் கை கழுவிய அவளுடைய மாமா, அவள் தலையில் கை வைத்து, “என்னம்மா பயம்? லண்டனா, ஆஸ்திரேலியாவா? இந்தியாதானே! நம்ம ஊர், நம்ம ஆளுங்க, நம்ம பாஷை, நம்ம சாப்பாடு” என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பெரியவர், விருந்து வீடு, அங்கே போய் என்ன வாதம்? ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

இதே வார்த்தைகளை 2014-இல் எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அதே வருடம் என்னோடு படிவம் ஆறு படித்த தோழி ஒருத்தி மெல்பர்ன் போனாள். அவளுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தார்கள், அது இல்லாமல் அந்த நாட்டில் மாணவர் விசாவே கிடையாது. வங்கிக் கணக்கு, குளிருக்குச் சட்டை, போய் இறங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் கையில் இருந்தது. எனக்கு? ஒரு பெட்டி, அதில் பாதி மைலோ, நெத்திலி, மூன்று சுற்று பிளாஸ்திக்கில் கட்டிய பெலாச்சான் (இறால் விழுது). அம்மா கையில் திணித்த ரொக்கம். அதுவும் சும்மா வந்த ரொக்கம் இல்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கப் படிப்புக் கடன் உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். ஆகவே அம்மா சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்ததுதான் என் படிப்பு. அப்பா செம்பனைக் குலை வெட்டிய காசு விமான டிக்கெட்டுக்குப் போனது. இவ்வளவு செலவு செய்தவர்கள், ஒரு நூறு வெள்ளி (ரிங்கிட்) காப்புறுதியைப் பற்றி மட்டும் நினைக்கவே இல்லை. நம்ம ஊருக்குப் போகிறவளுக்கு எதற்குக் காப்புறுதி?

முதல் நாள் ராத்திரி விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டி, “அக்கா, கறி ஊத்துங்க” என்றேன். பரிமாறியவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “கறியை எப்படிம்மா ஊத்துறது?” நமக்குக் கறி என்றால் சோற்றில் ஊற்றுவது. அங்கே கறி என்றால் ஆடு, கோழி. நான் கேட்டது குழம்பு. மறுநாள் கல்லூரி வாசல் டீக்கடையில் தே ஓ கேட்டு, புரியாமல், பால் இல்லாத டீ என்று விளக்கிச் சொன்னேன். கடைக்கார அண்ணன், “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்றார். புங்குஸ் என்றால் யாருக்கும் தெரியாது, பார்சல் என்று சொல்ல வேண்டும். வெள்ளி என்றால் நகைக்கடை. இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பேசும் பாஷையில் ஒரு டீ வாங்கத் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்?

இதில் இன்னொரு கூத்து. நான் மகாத்மா காந்தி கலாசாலையில் ஆறு வருடம் தமிழில் படித்தவள். நமக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எல்லாம் மலாய்தான். ஆனால் அந்த ஆறு வருடத்தில் ஆசிரியர்கள் ஊட்டிவிட்டது சுத்தத் தமிழ். பேருந்து, மின்னஞ்சல், பிறகு வந்த வாட்ஸ்அப்புக்குக்கூடப் புலனம் என்றுதான் எனக்கு வாயில் வரும். “பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும்?” என்று நடத்துநரிடம் கேட்டால் அறைத்தோழிகள், “இவ நியூஸ் வாசிக்கிறாடி” என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மலாய் கலந்தாலும் புரியவில்லை, கலக்காவிட்டாலும் சிரிப்பு. சரி, நான் என்னதான் பேசுவது? முதல் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேராசிரியர்கள் அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் அம்மாவிடம் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் காகிதங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனவர்கள், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்ய வேண்டும். பதினோராவது நாள்தான் எனக்கு அது தெரியும், அதுவும் ஒரு நைஜீரிய மாணவன் சொல்லி. அவன் வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்து வந்தவன், எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தான். நான்தான் நம்ம ஊருக்கு வந்தவள் ஆயிற்றே.

சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பையன் என் பாஸ்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தான். நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி என்று இருக்குமே, அனாக் பெரெம்புவான், மகள். நமக்கு அது கண்ணிலேயே படாது. அவன் நிமிர்ந்து, “ஏ.பி.ன்னா ஆந்திராவா?” என்றான். இல்லை, மலேசியா என்றேன். “மலேசியாவுல ஆந்திராவா?” என்றான். அன்றைக்கு சிம் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் பேசுவதே ஒரு கணக்கு. மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடுதியில் சாப்பாடு முடித்து எட்டரைக்குக் கைப்பேசியை எடுத்தால் இங்கே மணி பதினொன்று. தோட்டத்தில் அதிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழ வேண்டிய அப்பா எப்போதோ தூங்கியிருப்பார். மூன்று வருடத்தில் அப்பாவோடு பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்தான். அதிலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “பசியாறியாச்சா?”

2015 டிசம்பர் 1-ஐச் சென்னையில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். நாங்கள் இருந்தது தாம்பரம் பக்கம். ராத்திரி முழுக்க மழை. விடிந்து பார்த்தால் விடுதிக்கு எதிரே நின்ற மோட்டார் சைக்கிள்களின் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முடிச்சூர்ப் பக்கம் படகில் ஆட்களை ஏற்றினார்கள். விமான நிலையம் மூடிவிட்டது. எங்களுக்கு இரண்டாம் மாடி, உயிருக்கு ஒன்றும் இல்லை. மின்சாரம் இல்லை, கைப்பேசியில் கோடே இல்லை. நான்கு நாள் பிஸ்கட்டும் ஊறவைத்த அவலும் தின்றோம். ஆனால் இங்கே சுங்கை சிப்புட்டில் என் அம்மா தொலைக்காட்சியில் அடையாற்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் இடம் வாங்கித் தந்த ஏஜண்டைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேறு யாரைக் கேட்பது? சென்னையில் மலேசியத் துணைத்தூதரகம் இருக்கிறது. முதல் வாரமே அங்கே பெயரைப் பதிந்திருந்தால், விசாரிக்க ஓர் இடமாவது இருந்திருக்கும். பதியவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாம் நாள் சிக்னல் வந்து நான் கூப்பிட்டபோது அம்மா பேசவில்லை. மூச்சு மட்டும்தான் கேட்டது.

அடுத்த வருடம் வாடகைக்கு வீடு தேடினோம், நானும் திருவண்ணாமலைத் தோழி ஒருத்தியும் இன்னொருத்தியும். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரிதான், மோர் கொடுத்தார். மோரைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். எனக்குப் புரியவில்லை. மலேசியா என்றேன். “அது சரி, மலேசியாவுல என்ன ஆளுங்க?” தோழி என் தொடையைக் கிள்ளினாள். நம் ஊரில் சாதி இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் அது எந்தப் பரணிலிருந்து இறங்கி வருகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாத வாடகைக்கு ஓர் அறை கேட்டு வாசலில் நிற்கும்போதே கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ‘நம்ம ஆளுங்க’ என்று மாமா சொன்னாரே, அதற்கு அங்கே இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

வேறு வீடு பார்த்துக் குடிபோனோம். அங்கே என் வங்கி ஒரு மைலோ டின். மாணவர்கள் அங்கே கணக்குத் திறக்கலாம். ஆனால் காகித வேலைக்குப் பயந்து நான் திறக்கவில்லை, ரொக்கமே போதும் என்று இருந்துவிட்டேன். 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார். 500, 1000 ரூபாய் நோட்டெல்லாம் நள்ளிரவோடு செல்லாது. டின்னைக் கவிழ்த்து எண்ணினேன். 500 ரூபாய் நோட்டு 31, பத்து ரூபாய் நோட்டு நான்கு. என் கைக்காசு மொத்தம் 40 ரூபாய். மாற்ற ஒரு தடவைக்கு 4,000 என்று வரம்பு, வரிசை தெருமுனை வரை. இரண்டு நாள் நின்று உள்ளே போனால், என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாளைக்கு வா என்றார்கள். மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, ஆகவே நாலு காசு சம்பாதித்துச் சமாளிக்கவும் வழி இல்லை. கடைசியில் தோழியின் அப்பா அந்த 31 நோட்டையும் தன் கணக்கில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நூறு ரூபாய்த் தாளாகக் கொடுத்துவிட்டார். அதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை சாப்பாடு? தே ஓ கேட்டபோது உடம்பு சரியில்லையா என்றாரே, அதே டீக்கடை அண்ணன்தான். “ஏம்மா மலேசியா, இருக்கும்போது குடு” என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அங்கே எனக்குப் பெயரே அதுதான்.

அந்த மக்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். விடுதிச் சமையல்கார அக்காவிடம் ஒருநாள் வாய் தவறி, “பசியாறிட்டீங்களா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். “எங்க ஆயாதான் இப்படிக் கேக்கும். அது போய்ப் பத்து வருசம் ஆச்சு” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தட்டில் முட்டை ஒன்று கூடுதலாக விழும்.

என் கொள்ளுத்தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்துவதற்கு முன்னால் வந்தவர் என்பது மட்டும் வீட்டில் தெரியும். ஊர்ப் பெயரைத் தோட்டத்துக் கிராணி (கணக்கெழுதுபவர்) காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயருக்கு இரண்டு மாவட்டத்தில் மூன்று ஊர் இருக்கிறது. மூன்று வருடத்தில் நான் ஒன்றுக்கும் போகவில்லை. போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

சிலர் சம்பந்தனைக் காட்டுவார்கள். நம் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தானே படித்தார், அவர் போய் வரவில்லையா என்று. போய் வந்தார். அப்போது மலாயா, இந்தியா இரண்டுமே வெள்ளைக்காரன் கையில் இருந்தன. இன்றைக்கு நடுவில் குடிநுழைவு முத்திரை இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்க் கல்லூரியில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லும் ஏஜண்டுகள் இன்னும் இருக்கிறார்கள், நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள், கல்லூரியின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் முன்பணம் கட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா என்றால் பத்துப் பேரிடம் கேட்டு விசாரிக்கும் குடும்பம், சென்னை என்றால் ஒரே ஏஜண்டின் வாக்கில் காசை எண்ணி வைக்கிறது.

அதனால் மாமா, உங்களை எதிர்த்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணை வெளிநாடு என்று சொல்லி அனுப்புங்கள். காப்புறுதி எடுத்துக் கொடுங்கள். துணைத்தூதரகத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த முதல் மாதமே வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் நகல் ஒன்றை உங்கள் அலமாரியில் வையுங்கள். மெல்பர்னுக்குப் போகிறவளுக்கு என்னென்ன செய்வீர்களோ, அத்தனையும். இரண்டு மாதம் அவள் வாயே திறக்காமல் இருந்தால், “நம்ம பாஷைதானே, என்ன கஷ்டம்?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து புலனத்தில் செய்தி. “அக்கா, விசா ஃபாரம்ல ஏ/பி போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. என்ன செய்றது?” நடுவில் இருக்கும் கோட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடு, அங்கே போனதும் ஆந்திராவா என்று கேட்பார்கள், பயப்படாதே என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.