அக்கா கேட்டதில் என்ன தவறு?

திங்கட்கிழமை அந்த வங்கியில் அக்காவுக்கு நடந்ததை அன்றே எழுதியிருந்தேன். "விதி அப்படி இருக்கிறது, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று சிலர் கேட்டதால் மீண்டும் எழுதுகிறேன். பெரியம்மாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பின் அவருக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் அவர் இறந்த பிறகும் கணக்கில் வரவாகியிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தானாகவே சொல்லப் போனவர் அவருடைய மகளான அக்கா. இனித் தனக்கு ஏதாவது கிடைக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மாவும் போயாச்சு, இன்னும் பென்ஷனை விட மனசு வரலையா?" என்று பத்துப் பேர் முன்னால் வங்கி ஊழியரிடமிருந்து பதில் வந்தது.

விதி எனக்கும் தெரியும். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியர் இறந்தால் மனைவிக்குப் பாதி வரும்; அது மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாது. மனைவியும் இறந்தால், 25 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும், முழுமையாக உழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும்தான் உண்டு. அக்காவுக்கு 25 எப்போதோ கடந்துவிட்டது. அந்த வயதுக்குப் பிறகு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பெரியப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் சைடராக, அதாவது நூற்பு எந்திரத்தைக் கவனிக்கும் தொழிலாளியாக இருந்தவர். பஞ்சுத் தூசியால் வந்த இளைப்போடுதான் ஓய்வு பெற்றார். அவரையும், பிறகு படுக்கையில் விழுந்த பெரியம்மாவையும் பார்த்துக்கொண்டது அக்காதான். ஒவ்வோர் ஆண்டும் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை வைக்கும்போது, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த பெரியம்மாவின் விரல் எந்திரத்தில் பதியாது. அக்கா ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். அந்த ஆயிரம் ரூபாய்க்கு அவர் பட்ட பாடு அது.

வேலைக்குப் போயிருக்கலாமே என்கிறீர்கள். போயிருந்தால் பெரியம்மாவுக்கு யார் கஞ்சி கொடுத்திருப்பார்கள்? இதைக் கேட்பவர்களில் ஒருவராவது ஓர் இரவு அந்த வீட்டில் கண்விழித்திருந்தால் நான் பதில் சொல்லத் தயார்.

இது பொது நிதி, தனிச் சேமிப்பு அல்ல, ஒருவர் விட்டுச் செல்வதில்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும் என்று ஒரு நண்பர் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே திட்டத்தில், ஓய்வூதியத்தைச் சற்றுக் குறைத்துப் பெற்றுக்கொண்டால், கணவன் மனைவி இருவரும் இறந்த பிறகு நாமினிக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும் விருப்பம் முன்பு இருந்தது. 2008இல் அதை நீக்கினார்கள். அதுவரை முடிந்தது பிறகு ஏன் முடியாமல் போனது? மத்திய அரசு ஊழியரின் திருமணமாகாத மகளுக்கும், கணவனை இழந்த மகளுக்கும், மணமுறிவு பெற்ற மகளுக்கும், 25 வயதைக் கடந்தாலும், போதிய வருமானம் இல்லையென்றால் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவர்கள் வாங்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு மட்டும் பசிக்காதா? சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று முதலாளியின் பங்கிலிருந்து அந்த நிதிக்குப் போகும் தொகையும் பெரியப்பாவின் உழைப்புக்கான கூலிதான். அக்கா கேட்டது பிச்சை அல்ல.

காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், "ஏ.டி.எம். கார்டு உன் கையிலதானே இருக்கு, அடுத்த சான்று கேக்கிற வரைக்கும் சொல்லாம இரும்மா" என்றார். அக்கா அன்றைக்கே அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவரைத்தான் பணத்தாசை பிடித்தவர் என்று கூட்டத்தின் நடுவில் நிற்க வைத்தார்கள். கிடைக்காது என்றால் கிடைக்காது என்று சொல்லியிருக்கலாம், அவர் கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன்; அந்த ஊழியர் அக்காவிடம் நேரில் வருத்தம் தெரிவிக்கும்வரை அதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.